திருநாளுக்குப் புறப்படும் பிள்ளைகள்



ஆகஸ்டு 29-ல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும்; செப்டம்பர் 8-ல் தேவமாதா பிறந்த திருநாள். உங்கள் பிள்ளைகள் இப்போதே நாளெண்ணத் தொடங்கிவிட்டார்கள். கடலும் பலூனும் பொரிகடலையுமே அவர்களுக்குக் கனவு. அதற்காக அவர்களை அதட்டாதேயுங்கள். சேசுநாதரும் 12 வயதில் பெற்றோருடன் ஜெருசலேம் திருநாளுக்குப் போனார். திரும்புகையில், அவர் கூட்டத்தோடு வருகிறாரென்று எண்ணி அவர்கள் ஒருநாள் வழி நடந்துவிட்டார்கள். மூன்று நாளைக்குப் பின்னரே கோவிலில் கண்டார்கள்.

ஆகையால் கூட்டத்தில் பிள்ளையின் கையை விடாதேயுங்கள். கடைத்தெருவுக்கு முன் கோவிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். முழந்தாளிட்டு ஜெபிக்கும் தாய் தகப்பனைப் பார்த்தே பிள்ளை பக்தி கற்கிறது.

போக வகையில்லாத அடுத்த வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று பார்க்குமே, அதற்கும் வண்டியில் ஓரிடம் கொடுங்கள். தேவமாதா அதைத் தமது பிறந்தநாள் காணிக்கையாக ஏற்றுக்கொள்வார்கள்.