கரும்பா, மூங்கிலா?

சிங்கப்பூரின் தோ பாயோ லோரோங் 6 விளையாட்டிடத்துக்கு எதிரே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த சீடனுக்கு ஒரே கடுப்பு. இணையத்தில் படம் விற்கும் தளங்களில் அவன் பொங்கல் ஓவியங்கள் போடுகிறான். ராப்பகலாக வரைந்த பானை தூங்குகிறது. அவசரத்தில் கிறுக்கிய கோலம் விற்கிறது.

“அப்ப தரம்னு ஒண்ணு எதுக்கு சார்? வரைஞ்சு குவிச்சிட்டுப் போலாமே. ஷட்டர்ஸ்டாக்கை 2003ல ஆரம்பிச்ச ஜான் ஆரிங்கரே, தான் எடுத்த 30,000 படத்தை வச்சுத்தான் கடையைத் திறந்தார்.”

“குவிச்சா கடைக்காரருக்கு லாபம். உனக்கு?” என்றார் குரு. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்.

சீடன் கணக்குப் போட்டான். 2020 ஜூனில் அந்தத் தளம் கொண்டுவந்த முறைப்படி வரைந்தவருக்கு விற்பனைக்கேற்ப 15 முதல் 40 விழுக்காடு. அடிமட்டத்தில் ஒரு பதிவிறக்கத்துக்கு 10 அமெரிக்கக் காசு. ஒரு கோப்பி குடிக்கவே பத்துப் பேர் வாங்க வேண்டும். ஒரே பானையை நிறம் மாற்றி ஏழெட்டாகப் போட்டால், ஒன்றுபோல் இருக்கிறதென்று திருப்பிவிடுவார்கள்.

“எதிர்ல பாரு,” என்றார் குரு.

1979இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்காக கோர் இயன் கீ வடிவமைத்த டிராகன். தலையில் மொசைக் ஓடு பதித்திருக்கிறது. உடம்பு வெறும் இரும்பு வளையங்கள். இதே வடிவம் அங் மோ கியோவிலும் உண்டு.

“கண்ணு தலைக்குத்தான் போகும், அங்க மட்டும் உழைச்சா போதும்னு சொல்றீங்க.”

“இல்லப்பா. பிள்ளைங்க தொங்குறது வளையத்துல. ஓடு பெயர்ந்தா எல்லாருக்கும் தெரியும். இணைப்பு சரியில்லன்னா விழுந்த பிறகுதான் தெரியும்.”

குரு திரையில் பானையின் இருபுறமும் நின்ற கரும்பைப் பெரிதாக்கினார். வழவழவென்று ஒரே பச்சை. கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம். கணுவிலிருந்து மெல்லிய கிளை, அதில் குட்டி இலைகள்.

“இது கரும்பா, மூங்கிலா?”

“ரெண்டு பேர் வாங்கியிருக்காங்க சார்!”

“யாரு? ஏதோ விளம்பர அலுவலகத்துல இருக்கிற சீனப் பொண்ணா இருக்கலாம். நிறம் பிடிக்கலன்னா அவளே மாத்திக்குவா, வெக்டர் கோப்புதானே. கரும்பு தப்புன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? உன்னை நம்பி வாழ்த்து அட்டை அடிச்சிட்டு சிராங்கூன் ரோட்டுல திட்டு வாங்குவா. வாங்கறவங்களால சோதிக்க முடியாத இடத்துல நேரத்தைச் சுருக்காதே. மத்த இடத்துல தாராளமாச் சுருக்கு.”

சீடன் விடவில்லை. “சிவகாசி காலண்டருக்கு வரைஞ்ச கொண்டையராஜு எதையும் சுருக்கலையே?”

“அவருக்குச் சீடர்கள் இருந்தாங்க. பல படத்துல டி.எஸ்.சுப்பையா பேரும் சேர்ந்து இருக்கும். உனக்கு இருக்கிறது ரெண்டு கை. எதை விடறதுன்னு நீதான் முடிவு பண்ணணும்.”

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஜனவரி 1 அன்று தளம் எல்லாரையும் மறுபடி 15 விழுக்காட்டில் இறக்கிவிடும். பொங்கல் வருவது அதற்கு இரண்டு வாரம் கழித்து. டிசம்பருக்குள் விற்க வேண்டுமானால் அக்டோபரிலேயே படம் ஏறியிருக்க வேண்டும்.

“இப்பவே திருத்திடறேன். கரும்பை எங்க பார்க்கறது?”

“உணவங்காடியில சாறு பிழியறாங்களே.”

“அது தோல் சீவினது சார். இலையும் இருக்காது. தேக்காவுல முழுக் கரும்பு பொங்கல் சமயத்துலதான் வரும்.”

“அப்ப இந்த வருஷம் கரும்பே வேணாம். அடுத்த வருஷப் படத்துக்கு ஜனவரியில போய்ப் பார்த்து வரை.”

சீடன் முணுமுணுத்தபடி இரண்டு கரும்புகளையும் அழித்தான். பானையும் அதன் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்தும் மிஞ்சின. குரு குனிந்து மஞ்சள் இலையைப் பெரிதாக்கத் தொடங்கினார்.