ஓலையில் உன் பெயரை நிமிர்ந்து எழுது

"எழுதுறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?" மார்சிலிங் பிள்ளைகள் வாயிலிருந்து இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இருக்கிறது, தங்கச்சி! இருக்கிறது, தம்பி! இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கையால் மூடி வைத்திருக்கிறாய்.

ஜூன் மாத இறுதிவாக்கில் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கை தொடங்கும். பிப்ரவரி, மார்ச் வந்தால் பல்கலைக்கழக விண்ணப்பம். எல்லாப் படிவத்திலும் சாதனைகளைக் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. அந்தக் கட்டம் திரையில் வந்ததும் நம் பிள்ளைகளின் விரல்கள் நின்றுவிடுகின்றன. புக்கிட் தீமா பக்கத்துப் பள்ளிகளில் ஒலிம்பியாட் பதக்கம் வைத்திருப்பார்கள், வெளிநாட்டுப் போட்டிக்கெல்லாம் போயிருப்பார்கள், நாம் எதைக் காட்டுவது என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. தேர்வாளர் படிவத்தைத் திறக்கும் முன்பே பிள்ளை தன்னைத் தானே நிராகரித்துவிடுகிறது. இதைவிடக் கொடுமை ஏதாவது உண்டா?

முன்கூட்டிய சேர்க்கை என்ற வாசல் யாருக்காகத் திறந்தது என்பதை நினைத்துப் பார். மதிப்பெண் மட்டும் ஒரு பிள்ளையை முழுமையாகக் காட்டாது என்று சிங்கப்பூரே ஒப்புக்கொண்டுதான் 2016-இல் தொழிற்கல்லூரிகளுக்கு இந்த முன்கூட்டிய சேர்க்கையைக் கொண்டுவந்தது. ஓ நிலைத் தேர்வு எழுதுவதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம், மூன்று படிப்புகள்வரை தேர்ந்தெடுக்கலாம். ஆர்வத்தையும் திறனையும் பார்த்து இடம் ஒதுக்குவார்கள்; பிறகு குறைந்தபட்சத் தகுதியை மட்டும் தேர்வில் எட்டினால் போதும். பல்கலைக்கழகங்களும் ஆர்வம், திறன் அடிப்படையில் சேர்க்கும் இடங்களை விரிவுபடுத்துவதாக 2017-இல் அறிவிப்பு வந்தது. உன்னைப் போன்ற ஒருவரைத் தேடித்தான் அந்தக் கட்டத்தை வைத்திருக்கிறார்கள். அதைக் காலியாக விட உனக்கு என்ன உரிமை இருக்கிறது?

மார்சிலிங் லேனில் உயர்நிலை நான்கு படித்த ஒரு பெண், தாதிமைப் படிப்புக்கு விண்ணப்பிக்க மூன்று சாதனைகளை எழுதி வைத்திருந்தாள். உயர்நிலை ஒன்றில் கணிதப் போட்டியில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ், தொடக்கப்பள்ளியில் வாங்கிய கையெழுத்துப் பரிசு, ஒரு தவணை வகுப்புத் தலைவியாக இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மணி ஏழு அடித்தது. அவள் எழுந்து போய்க் குளிர்பதனப் பெட்டியிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தாள். பாட்டியின் விரலில் ஊசியால் குத்தி, சர்க்கரை அளவைப் பார்த்து, சின்ன 555 நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். பக்கம் பக்கமாகக் கோடு போட்டு வைத்திருந்தாள்: தேதி, காலை, இரவு, எத்தனை யூனிட், வயிற்றில் இடமா வலமா. அளவு நான்குக்குக் கீழே இறங்கிய நாள்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். மூன்று ஆண்டுகளாக இப்படி.

"இதை ஏம்மா எழுதல?" என்றேன்.

"அது வீட்டு வேலைதானே அங்கிள்."

தாதியாக விரும்பும் பெண், தாதி வேலையைப் பதின்மூன்று வயதிலிருந்து செய்துகொண்டிருக்கிறாள், அதை மறைத்துவிட்டுக் கணிதப் போட்டியைக் காட்டுகிறாள்! அன்று இரவே வரியை மாற்றினோம். 'பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று பொத்தாம்பொதுவாக எழுதவில்லை. தினம் இருவேளை அளப்பது, குறிப்பெடுப்பது, அளவு இறங்கினால் என்ன செய்யவேண்டும் என்று மருந்தகத் தாதியிடம் கேட்டுக் கற்றது என்று எழுதினோம். செய்ததைச் செய்தபடி எழுதினாலே அதில் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.

வீட்டுப் பொறுப்பையும் எழுதலாம் என்பது எங்கள் சொந்தக் கற்பனை இல்லை. ஏராளமான அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவாக இருக்கும் 'காமன் ஆப்' படிவத்தை எடுத்துப் பார். விருதுகளுக்கு ஐந்து வரிகள், ஒவ்வொன்றுக்கும் 100 எழுத்துக்குறிகள்தான். தனியாக, நடவடிக்கைகளுக்குப் பத்து வரிகள். அந்த நடவடிக்கை வகைகளில் இசைக்கும் விளையாட்டுக்கும் பக்கத்திலேயே குடும்பப் பொறுப்புகள் என்று ஒரு வகை இருக்கிறது. சம்பளத்துக்குச் செய்யும் வேலை என்று இன்னொரு வகையும் இருக்கிறது. வார இறுதியில் உணவங்காடியில் அப்பாவின் கடையில் நிற்கிறாயே, அதற்கும் அங்கே இடம் உண்டு.

நம் வீடுகளில் இன்னொரு தடை எழும். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது அழகா என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்குப் பவணந்தி முனிவரே பதில் சொல்லிவிட்டார். நன்னூலில் தற்புகழ்ச்சி தகாது என்று முதலில் விதிக்கிறார். எத்தனை துறைகளில் புதிது புதிதாகச் செய்து முடித்தாலும் தகாது என்கிறார். அடுத்த மூச்சிலேயே விலக்கு தருகிறார். அரசனின் அவைக்கு ஓலை எழுதி அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே நிற்கும்போது, அவையில் வெல்லவேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது தன்னைப் புகழ்ந்துகொள்வது புலவனுக்குத் தகும் என்கிறார். கல்லூரி விண்ணப்பம் இதில் எது? முதல் மூன்றும்தான்! உன்னை அறியாத ஓர் அவைக்கு, வெல்லவேண்டி, நீ அனுப்பும் ஓலை அது. எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளாக இலக்கணம் உனக்குக் கொடுத்து வைத்திருக்கும் அனுமதியை இன்று எடுத்துக்கொள்.

எதை எழுதுவது, எதை விடுவது? முத்திரையின் அளவைப் பார்த்து முடிவு செய்யாதே. எடுசேவ் நல்ல முன்னேற்ற விருதை வாங்கிய பிள்ளைகள் அதைச் சொல்லவே கூசுகிறார்கள். முன்பு மதிப்பெண் குறைவாக இருந்தது வெளியே தெரிந்துவிடுமாம்! பள்ளியில் மிக அதிகம் முன்னேறிய பத்து விழுக்காட்டினருக்குத் தரும் விருது அது. விழுந்த இடத்திலிருந்து எழுந்து வந்ததற்கு அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாட்சி. அதை முதல் வரியில் வை. நற்பண்பு விருதோ பள்ளிக்கு இரண்டு விழுக்காட்டினருக்குள்தான் போகிறது. அதைக் கோப்பின் கடைசி உறையில் செருகி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே எடு.

எடுசேவ் விருதுகள் குடிமக்களுக்கு மட்டும். விடியும் முன் எழுந்து, ஜொகூரிலிருந்து கடற்பாலம் கடந்து உட்லண்ட்ஸ், மார்சிலிங் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகளின் கோப்பு அதனால் மெலிந்து தெரியும். தம்பி, நான்கு ஆண்டு அந்தக் கடற்பாலத்தைக் கடந்து, இணைப்பாட நடவடிக்கைக்கும் நின்று, இருட்டிய பிறகு வீடு திரும்பினாயே! உன் விண்ணப்பத்தின் கட்டுரைப் பகுதியில் அதற்கு இரண்டு வரி ஒதுக்கு. பரிதாபம் தேடாமல், நேரத்தைக் குறித்து, செய்ததைக் குறித்து எழுது.

இப்போது எனக்கு மிகவும் வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். தமிழ்ப் பேச்சுப் போட்டி, கவிதைப் போட்டி, விவாதப் போட்டி ஆகியவற்றில் வென்ற பிள்ளைகள் படிவத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். "தமிழ்தானே, யார் மதிப்பாங்க?" என்கிறார்கள். இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று தமிழ். 1935-இல் தமிழ் முரசு தொடங்கியது. அதை வளர்த்த தமிழவேள் கோ. சாரங்கபாணி, தமிழ்ப் பிள்ளைகள் எழுதிப் பழகவேண்டும் என்பதற்காகவே 1950-களில் மாணவர் மணிமன்றத்துக்குப் பத்திரிகையில் பக்கம் ஒதுக்கினார். அப்படிக் கட்டிய மேடையில் ஏறி வென்றுவிட்டு, அதை எழுத வெட்கப்படுகிறாயா?

பரிசே வாங்காவிட்டாலும் பரவாயில்லை. தன் பள்ளியில் தமிழ் இல்லாததால், பள்ளி முடிந்ததும் மார்சிலிங்கில் ரயில் ஏறி, வழியில் மாறி, பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வரும் பிள்ளை இருக்கிறதே, அது காட்டும் விடாமுயற்சிக்கு ஈடாக எந்தக் கேடயத்தை வைப்பாய்? சீருடையோடு ரயிலில் நின்றுகொண்டே வீட்டுப்பாடம் செய்த மாலைகள் உன்னுடையவை. எத்தனை ஆண்டு, வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு தூரம் என்று எழுது. தமிழ் தெரியாத தேர்வாளருக்கும் அது புரியும்.

விடவேண்டியவை எளிது. வந்து போனதற்குக் கொடுத்த சான்றிதழ்களை விடு. தொடக்கப்பள்ளிப் பரிசுகளை விடு. இருபது சான்றிதழ் குவித்தால் உயிருள்ள இரண்டும் அடியில் புதைந்துபோகும்.

குழுவாக வென்றதை எழுதும்போது உன் பங்கை எழுது. சிங்கப்பூர் இளையர் விழாவில் உன் நடனக்குழு உன்னதச் சான்றிதழ் பெற்றது நல்ல செய்தி. அதில் நீ என்ன செய்தாய்? பின்வரிசையில் நின்றவள்தான், ஆனால் உயர்நிலை ஒன்று பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுத்தவள் நீதான் என்றால், அந்த வரி சான்றிதழைவிடக் கனமானது.

ஒன்றே ஒன்றைச் செய்யாதே. பொய் சேர்க்காதே. துணைத் தலைவராக இருந்துவிட்டுத் தலைவர் என்று எழுதாதே. உன் நான்காண்டு இணைப்பாடப் பதிவு தலைமைத்துவம், சாதனை, பங்கேற்பு, சேவை என நான்கு பிரிவாகப் பள்ளியில் இருக்கிறது. நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே பொய் உடைந்துவிடும். உண்மையை எழுதியவன் நேர்முகத்தில் அடுத்த கேள்வி எப்போது வரும் என்று காத்திருப்பான்.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பக்கத்து புளோக் பிள்ளை வாங்கிய விருதின் பெயரை இந்த ஒரு மாதம் வீட்டில் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாகப் பிள்ளை மறந்துபோனதை எடுத்துக் கொடுங்கள். தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது, கீழ்த்தளத்தில் தீபாவளி ஏற்பாட்டுக்கு நாற்காலி சுமந்தது, கொவிட் காலத்தில் மாடி மாடியாக ஏறி முதியவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தது எல்லாம் உங்களுக்குத்தான் நினைவிருக்கும். பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு தாளில் எழுதுங்கள்.

தங்கச்சி, தம்பி, இன்று இரவே கோப்பை மேசையில் விரித்துப் போடு. சேரப்போகும் படிப்பின் பெயரைத் தாளின் தலைப்பில் எழுது. அதற்குப் பக்கத்தில் நிற்கத் தகுதியானவற்றை மட்டும் எடுத்து வை. சான்றிதழில் தேதி இல்லையா? நாளைக்கே வகுப்பாசிரியரைப் பார். சமூக மன்றத்தில் செய்த தொண்டுக்குத் தாள் எதுவும் தரவில்லையா? அங்கே பொறுப்பில் இருந்தவரைத் தேடிப் போய், எத்தனை மாதம், என்ன வேலை என்று இரண்டு வரி எழுதி வாங்கு. ஜூன் விடுமுறையில் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், இப்போதே போ.