கல்லான சிப்பியும் நம் கடமையும்

ஒரு பொருளைத் தொடாமல் விட்டுவிடுவதே அதற்குச் செய்யும் நன்மையாகுமா? இவ்வினாவைக் கல்லாகிப்போன ஓர் ஓட்டினைக் கொண்டு சிந்திப்போம்.

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன் கடல் பரவியிருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட்டுகள், சிப்பிகள், நத்தைகள் ஆகியவற்றின் ஓடுகள் அங்குள்ள பாறைகளில் இன்றும் கிடைக்கின்றன. பாறையில் பாதி புதைந்த அம்மோனைட் ஒன்று ஆய்வாளர் கைக்கு வருகிறது என்று கொள்வோம். ஊசியாலும் சிற்றுளியாலும் பாறையை அகற்றினால் அதன் சுருள் முழுதும் வெளிப்படும், இனத்தை அறியலாம். அகற்றுவதா, அவ்வாறே காப்பதா?

அகற்றிய பாறையை மீண்டும் பொருத்த இயலாது. கண்ணுக்குப் புலப்படா நுண்ணுயிர்களின் ஓடுகள் அதனுள் இருக்கக்கூடும். அவை பாறையின் காலத்தை அறிய உதவுபவை. அமிலமிட்டுச் சுண்ணப்பாறையைக் கரைத்தாலோ, சுண்ணத்தாலான ஓடும் உடன் கரையும்.

திருச்சிராப்பள்ளிப் பகுதியிலும் புதுச்சேரியிலும் கேய், கன்லிஃப் என்போர் திரட்டிய ஓடுகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். ஓட்டிலுள்ள ஆக்சிஜன் அணுவகைகளின் விகிதம் பண்டைக் கடலின் வெப்பத்தை உணர்த்தும் என்பது அன்று எவரும் அறியாதது. 1951-இல் ஹரால்டு யூரே குழுவினர், கணவாய்க்கு உறவான பெலம்னைட் ஒன்றின் எச்சத்தில் கோடையும் குளிரும் மாறிவந்த சுவட்டைக் கண்டனர். இன்று பயனற்றதென நாம் சுரண்டி எறிவது, நாளை பிறர் படிக்கவேண்டிய ஏடாக இருக்கலாம்.

ஆயினும், வாளா இருத்தலே அறம் என்று அமைதி கொள்ளவும் இயலாது. பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் ஏறிய எச்சங்கள், ஈரக்காற்று பட்டால் அமிலம் கசிந்து தாமே பொடியாகும். அவற்றை உலர்ந்த இடத்தில் வைக்காமல் பார்த்திருப்பது கைவிடுதலேயாகும். விரிசலுற்ற ஓட்டிற்கும் பசையிட்டு உறுதியளித்தல் வேண்டும்.

எனவே, முதலில் நம் நோக்கத்தை ஆராய்தல் நன்று. மேசைமேல் அழகாக விளங்கவேண்டும் என்னும் ஆசை மட்டுமே காரணமாயின், கை பின்வாங்குக. விடை தேடும் வினா உண்டெனில், எக்ஸ்-கதிர்ப் படத்தால் அது தீருமா என முதலில் காண்க. தீராதாயின் வேண்டிய அளவே அகற்றி, ஒரு பகுதியைத் தொடாது விடுக. கிடைத்த இடத்தையும் செய்த செயலையும் எழுதிவைக்க. உதிர்ந்த துகளையும் பெயரிட்டுக் காக்க. இடும் பசை, பின்வருவோர் கரைத்தெடுக்கத் தக்கதாக இருக்கட்டும்.

செய்தலுக்கு மட்டுமன்று, செய்யாமைக்கும் நாமே பொறுப்பு. பல கோடி ஆண்டுகள் காத்திருந்த ஓடு, நாம் சிந்தித்து முடிக்கும்வரை இன்னும் சில நாள் காத்திருக்கும். பொடியத் தொடங்கியதோ காத்திராது. இவ்வேறுபாட்டை அறிந்து நடப்பதே நம் கடமை.