தண்டனை யாருக்கு?

பலர் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொள்கின்றனர். அவர்களுள் ஒருவர் வாக்குத் தவறினால், ஏனையோர் வாளாவிருக்கலாமா? தனி மனிதர்க்குரிய இவ்வினா நாடுகளுக்கும் உரியதே.

மக்களாட்சியையும் சட்டத்தின் மேலாண்மையையும் அடிப்படைகளாக ஏற்ற கூட்டமைப்பு ஐரோப்பிய ஒன்றியம். அதன் உறுப்பு நாடான ஹங்கேரியில் 2010இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த விக்டர் ஓர்பான், நீதிமன்றங்களின் சுதந்திரத்தையும் பத்திரிகைகளின் குரலையும் படிப்படியாக நசுக்கினார் என்பது குற்றச்சாட்டு. 2018 செப்டம்பரில் ஐரோப்பியப் பாராளுமன்றம், ஒன்றிய உடன்படிக்கையின் 7ஆம் விதியின்படி நடவடிக்கை கோரி 448 வாக்குகளால் தீர்மானித்தது. அவ்விதி வாக்குரிமையையே பறிக்க வல்லது. ஆனால், அதற்குமுன் குற்றவாளி நீங்கலாக ஏனைய நாடுகளனைத்தும் ஒருமனதாகக் குற்றத்தை உறுதி செய்தல் வேண்டும். அதே விதியின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த போலந்து ஹங்கேரிக்கு அரணாயிற்று; ஹங்கேரி போலந்துக்கு அரணாயிற்று. தண்டிக்கும் கை கட்டுண்டது.

எனவே ஒன்றியம் பணப்பையின் வாயை இறுக்கியது. 2022 டிசம்பரில், ஹங்கேரிக்குரிய சுமார் 630 கோடி யூரோ நிறுத்திவைக்கப்பட்டது.

மக்கள் தேர்ந்தெடுத்த அரசைப் பிறர் தண்டிப்பது முறையோ எனச் சிலர் வினவுவர். தேர்தல் வெற்றி ஆளும் உரிமையைத் தருமேயன்றி, பொதுப்பணத்தைக் கணக்கின்றிக் கையாளும் உரிமையைத் தராது. பலர் சேர்த்த நிதி அமானிதம். அது தக்க கண்காணிப்பின்றிச் செலவாகும் இடத்தில் நிறுத்திவைப்பது பகையன்று, கடமை.

எனினும், வீசிய கல் யார்மீது விழுகிறது? அதே டிசம்பரில், ஆளுங்கட்சிக்கு நெருக்கமானோர் அங்கம் வகித்த அறக்கட்டளைகளின் கீழிருந்த பல்கலைக்கழகங்களுக்குப் புதிய ஒன்றிய நிதி மறுக்கப்பட்டது. அயல்நாட்டுக் கல்விக்கு உதவிய எராஸ்மஸ் திட்டமும் அதில் அகப்பட்டது. நிருவாகக் குழுவில் அமர்ந்தவரின் பிழைக்கு, வகுப்பில் அமர்ந்த மாணவன் விலை கொடுக்க நேர்ந்தது. நிதி நிறுத்தப்பட்டாலும் இறுதிப் பயனாளிகளுக்குச் சேரவேண்டியதை அந்நாட்டு அரசே கொடுத்தாக வேண்டும் என்று ஒன்றியத்தின் சட்டம் கூறுகிறது. நல்ல விதிதான். ஆயினும், நெறி தவறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அரசின் கையையே அம்மாணவன் நம்பியிருக்க வேண்டியதாயிற்று!

போலந்தில் 2023 அக்டோபரில் மக்களே வாக்குச்சீட்டால் ஆட்சியை மாற்றினர். 2024 மே மாதத்தில் அந்நாட்டின்மீதான நடவடிக்கை முடித்துவைக்கப்பட்டது. இதில் ஒரு பாடம் உண்டு. கொடுங்கோன்மையைத் திருத்தும் இறுதி ஆற்றல் அந்நாட்டு மக்களிடமே உள்ளது. அவர்களை நலியச் செய்யும் தண்டனை, கொடுங்கோலனுக்கே துணைபோகும்.

ஆகவே, தண்டியாதிருப்பது கோழைமை; ஆராயாது தண்டிப்பது அநீதி. ஆள்வோரின் கையைத் தடுத்து, குடிமக்களின் கையை வலுப்படுத்தி, திருந்தி வருவோர்க்குக் கதவைத் திறந்துவைப்பதே நீதியாகும்.