நிற்கும் லோரியின் நஷ்டம்

மலேசியாவில் சிரம்பானிலிருந்து ரெம்பாவைக் கடந்து தம்பின், கெமெஞ்சே, கிம்மாஸ் வழியாகச் சிகாமட்டை நோக்கிச் செல்லும் முதலாம் எண் கூட்டரசுச் சாலையில், செம்பனைக் குலைகளைச் சுமந்து செல்லும் லோரிகளுள் சில விசித்திரமானதோர் உடைமை நிலையில் ஓடுகின்றன. ஓட்டுபவர் "என் லோரி" என்கிறார். டயர் வெடித்தால் அவரே வாங்கிப் போடுகிறார். டீசல், சாலை வரி, காப்புறுதி, புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை ஆகிய செலவுகளும் அவர் தலையிலேயே விழுகின்றன. ஆனால் கிராண்டில், அதாவது பதிவுச் சான்றிதழில், இருப்பது கம்பெனியின் பெயர், அனுமதிப் பத்திரத்தில் இருப்பதும் அதே பெயர்தான். கடைசித் தவணை கட்டப்படும் நாளில் அப்பெயர் மாறும் என்பது வாக்குறுதி. ஒருவர் கையில் வண்டியைக் கொடுத்து, அவருடைய உழைப்பிலிருந்தே அதன் விலையை மாதந்தோறும் பிடித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு நியாயமானதுதானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கண்டிக்கப் புகுமுன், அது ஏன் மனத்தைக் கவருகிறது என்பதை உணர்தல் வேண்டும். ரப்பர் காலத்தில் தோட்டத்து லோரி தோட்டத்தினுடையது. அதை ஓட்டியவர் செக்ரோல் என்னும் சம்பளப் பட்டியலில் பெயருள்ள சம்பளக்காரர். லோரி பழுதுபட்டால் அவருக்கு அரை நாள் ஓய்வு கிடைத்தது, அவ்வளவே. ஆயினும் அவர் குடியிருந்த லயத்து வீடும் கம்பெனியுடையதாதலால், வேலை போனால் கூரையும் போயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது இந்த நிராதரவு நாடெங்கும் கண்கூடாகத் தெரிந்தது. அதனாலேயே அமைச்சராயிருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கும் வழியைக் காட்டினார். சொந்தமென்று ஒன்று வேண்டும் என்னும் ஆசை, அந்தச் சரித்திரத்தின் வழிவந்தவர்களிடம் பேராசை ஆகாது. வங்கியில் காட்டுவதற்குக் கணக்கும் பிணையும் இல்லாதவருக்குக் கம்பெனிக்காரர் நீட்டும் ஒப்பந்தம் ஒன்றே திறந்த கதவாக இருக்கிறது என்பதும் உண்மை. முறையாக வண்டியைக் கைமாற்றிக் கொடுத்த முதலாளிகளும் உண்டு. அவர்களைப் பழிப்பது அநியாயம்.

ஆனால் ஒப்பந்தத்தின் உள்ளே சற்று நுழைந்து பார்க்க வேண்டும். மலேசியாவில் 1967-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம், ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின்றி வண்டியைப் பறிக்கலாகாது என்று காப்பளிக்கிறது. மோட்டார் சைக்கிள் வாங்கியவருக்கு இந்தக் காப்பு உண்டு, கார் வாங்கியவருக்கும் உண்டு. சரக்கு வண்டியைப் பொறுத்தவரையிலோ, சுமையோடு சேர்த்து 2,540 கிலோகிராமுக்கு மேற்படாத எடை அனுமதிக்கப்பட்டவற்றோடு அச்சட்டம் நின்றுவிடுகிறது. குலை ஏற்றும் லோரி அந்த வரம்பைப் பன்மடங்கு தாண்டியது. எனவே அறுபது தவணைகளில் ஐம்பதைக் கட்டி முடித்த ஒருவர், நோயினாலோ மழைக்காலத்துச் சேற்றினாலோ இரண்டு மாதம் தவறினால், அவரிடமிருந்து வண்டியைத் திரும்ப எடுத்து, அதே வண்டியை முதல் தவணையிலிருந்து இன்னொருவருக்குக் கொடுப்பதற்குப் பத்திரத்தில் உள்ள வாசகமே போதுமானதாகிவிடுகிறது. அந்த வண்டி எத்தனை முறை விற்கப்பட்டது, எத்தனை பேர் அதற்கு விலை கொடுத்தார்கள் என்னும் கணக்கை தோட்டத் தமிழ்ப்பள்ளிச் சிறுவனும் போட்டுவிடுவான்.

"கையெழுத்திட்டவர் சம்மதித்துத்தானே இட்டார்?" என்று வினவலாம். சம்மதம் பெரிய சொல்தான். எனினும் நிர்ப்பந்தத்தில் பிறந்த சம்மதம், மறுபக்கத்தின் கடமையைக் குறைத்துவிடுவதில்லை. இதில் கபடத்தைக் கண்டறிய ஓர் உரைகல் உண்டு: லோரி ஓடாமல் நிற்கும் நாளின் நஷ்டம் யாரைச் சேருகிறது என்று பார்த்தால் போதும். ஆலை இயந்திரம் கெட்டு இரண்டு நாள் குலை வாங்கவில்லை. காய்ப்புக் குறைந்த பருவத்தில் நடை பாதியாகிவிட்டது. கம்பெனியின் ஆணைப்படியன்றி வேறொருவர் சரக்கை ஏற்றவும் இவருக்கு அனுமதியில்லை. அப்படியிருந்தும் அந்த மாதத் தவணை முழுமையாகவே பிடிக்கப்படுகிறது என்றால், பசு கறக்கும் நாளில் ஒருவருக்கும் வற்றிய நாளில் மற்றொருவருக்கும் உரியதாகிறது. வேறிடத்தில் சம்பாதிக்கும் சுதந்திரத்தை அளித்துவிட்டு நஷ்டத்தையும் அளித்தால் அது வியாபாரம். சுதந்திரத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு நஷ்டத்தை மட்டும் அளித்தால், இ.பி.எப். என்னும் சேமநிதியும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்டாமல் தப்புவதற்கு "உடைமையாளர்" என்னும் பட்டத்தைச் சூட்டிய உபாயமே அது.

இந்த நஷ்டம் ஓட்டுநரோடு முடிவதுமில்லை. வெட்டிய குலை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலை சேராவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் தாழும். கூலியோ டன் கணக்கில். தவணைத் தேதியோ நெருங்குகிறது. இம்மூன்றும் ஒருங்கே அழுத்தும்போது, ஏற்றவேண்டியதற்கு மேல் இரண்டு டன் ஏற்றுவதும், தேய்ந்த பிரேக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதும், தூக்கத்தைக் காப்பியால் விரட்டுவதும் இயல்பாகிவிடுகின்றன. 2025 ஜூன் 9-ஆம் தேதி கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து பல்கலைக்கழக மாணவர் பதினைவர் மாண்டபோது, அனுமதியை உடைய நிறுவனம் அதை வேறொருவருக்குப் குத்தகைக்கு விட்டிருந்த செய்தி வெளிப்பட்டது. பெயர் ஒருவரிடமும் பொறுப்பு இன்னொருவரிடமும் இருக்குமானால், பிரேக்கைப் பார்க்கவேண்டியவர் யார் என்னும் கேள்விக்கு விபத்துக்குப் பின்னரே விடை தேடப்படுகிறது. அமெரிக்காவிலும் லோரிகளின் இத்தகைய குத்தகைக் கொள்முதலை ஆராய அமைக்கப்பட்ட அரசுக் குழு, 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், திருத்தம் போதாது, தடையே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அத்துணைக் கடுமை இங்கு வேண்டுமா என்பது விவாதத்துக்குரியது. தடை வந்தால் திறந்திருந்த அந்த ஒரே கதவும் மூடும். கனரக வண்டியையும் தவணைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவருவதும், வண்டி நிற்கும் நாட்களுக்குத் தவணையைத் தள்ளிவைப்பதும் முதலில் செய்யத்தக்கவை.

ஓட்டுநரின் கடமை ஒன்றும் எஞ்சுகிறது. தவணை நெருக்குகிறது என்பது மிகுபாரத்துக்குக் காரணமாகலாம். எதிரே மோட்டார் சைக்கிளில் பால்மரம் வெட்டப் போகும் பெண்ணுக்கு அது சமாதானமாகாது. அதைவிட நுட்பமான இடம் வேறொன்று. தனியாக ஓடித் தவணையைச் சமாளிக்க முடியாதவர், அக்காள் மகனை அழைத்து, "மாமா லோரிதானே, நீ இரவு நடையை ஓட்டு, நடைக்கு இவ்வளவு வெள்ளி தருகிறேன்" என்கிறார். மலேசியாவில் 2023 முதல் நடைமுறையில் உள்ள வேலைச் சட்டத் திருத்தப் பிரிவு ஒன்று, பத்திரம் இல்லாவிடினும், பிறர் கட்டுப்பாட்டில் பிறர் கருவியைக்கொண்டு பிறர் நன்மைக்காக உழைப்பவரைத் தொழிலாளியென்றே அனுமானிக்கச் சொல்கிறது. அந்தப் பிரிவைக் காட்டிக் கம்பெனியிடம் நியாயம் கேட்கும் மாமா, அதே பிரிவைக் காட்டி மருமகன் தம்மிடம் சொக்சோ கேட்டால் என்ன சொல்வார்? தம்மால் இயலாது என்பார். அது பொய்யாகவும் இராது.