பற்றும் பிரமாணமும்

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறி வரும் மலைச்சாலையோரத்துத் தேநீர்க்கடை ஒன்றில், 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் குளிரில், உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தை எதிர்நோக்கியிருந்த இரண்டு இளைஞர்கள் செய்த தர்க்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்த நான், அதைச் சமயவாதமாகவே உணர்ந்தேன். ஒருவன் அர்ஜென்டினாவின் பக்தன். மற்றவன், காலிறுதியில் குரோஷியாவிடம் தோற்று வெளியேறிய பிரேசிலின் துக்கம் ஆறாதவன். “உங்க மரடோனா மருந்து அடிச்சிட்டுத்தானே மச்சான் ஆடினாரு?” என்றான் இவன். “அது சதி மச்சான், உனக்குத் தெரியாது” என்றான் அவன். அவர்கள் சொன்ன விவகாரம் நடந்தது 1994-இல். அப்போது இருவருமே பிறந்திருக்கவில்லை. பிறப்பதற்கு முன்னரே நடந்து முடிந்த ஒன்றுக்காக ஒருவன் முகம் சிவப்பதென்றால், பற்று என்பது அனுபவத்தால் மட்டும் வருவதன்று, குலதெய்வம்போல் கைமாற்றித் தரப்படுவதும் உண்டு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

நியாய சாஸ்திரம் வகுத்த கௌதமர் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறார். உண்மையை அறிய நடப்பது வாதம். எவ்வகையிலேனும் வெல்ல நடப்பது ஜல்பம். தனக்கென ஒரு கட்சியை நிறுவாமல் பிறர் கட்சியை இடிப்பது மாத்திரமே விதண்டை. இறுதியாட்டத்தில் தனக்கென ஓர் அணியில்லாத அந்தப் பிரேசில் ரசிகனைக் காட்டிலும் விதண்டைக்குத் தெளிவான உதாரணம் எனக்கு வாய்த்ததில்லை. ஆயினும் அவன் சொன்னதில் உண்மை இருந்தது. 1994 உலகக் கோப்பையில், ஜூன் 25 அன்று நைஜீரியாவுடன் நடந்த ஆட்டத்திற்குப் பின் எடுத்த சோதனையில் மரடோனாவின் உடலில் எபிட்ரின் என்ற ஊக்கமருந்து காணப்பட்டது. பதினைந்து மாதத் தடையும் வந்தது. விதண்டாவாதியின் வாயிலிருந்தும் உண்மை வரக்கூடும். உள்ளன்புள்ள பக்தனின் வாயிலிருந்தும் பொய் வரக்கூடும். பற்று தன்னளவில் பாவமன்று. அது தன்னையே பிரமாணமாக நிறுத்திக்கொள்ளும் கணத்தில்தான் கேடு தொடங்குகிறது. நம் அணியினன் செய்தால் பிழை, எதிரணியினன் செய்தால் மோசடி என்று நா தானாகவே புரள்வதை, நாமறியாமலே அனுமதிக்கிறோம்.

ஊக்கமருந்துச் சோதனையின் முறையை எண்ணிப் பார்க்கும்போது, இந்தப் பலவீனத்தை உணர்ந்தவர்களே அதை வகுத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆட்டக்காரனின் சிறுநீர் இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிடப்படுகிறது. ஆய்வுக்கூடத்தை அடைவது வெறும் எண். பெயரும் நாடும் அங்கே போவதில்லை. முதற்குப்பியில் குற்றம் தெரிந்தால், இரண்டாவதைத் திறந்து பார்க்கக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. திருவள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் வற்புறுத்திய நடுவுநிலைமையை மனிதச் சுபாவத்திடம் எதிர்பாராமல், பெயரை மறைத்து ஏற்பாடு செய்துகொண்ட முயற்சி என்றே இதைச் சொல்வேன்.

ஆனால் பெயரை மறைத்த கண்ணுக்கு எண்ணமும் தெரியாதே! பயிற்சியாளர் தந்த சத்துப்பொருளில் மருந்து கலந்திருந்தது, நான் அறியேன் என்று மரடோனா சாதித்தார். உடலில் அகப்பட்ட பொருளுக்கு ஆட்டக்காரனே பொறுப்பாளி, அறியாமை தண்டனையைக் குறைக்கவோ நீக்கவோ கூடுமேயன்றி நடந்ததை நடவாததாக்காது என்கிறது இன்றைய விதி. இந்த வழக்கு மிகப் பழையது. எண்ணமே கன்மம் என்றனர் பௌத்தர்; அவர்களோடு மல்லுக்கு நின்ற சமணரோ, அறியாமல் மிதித்தாலும் எறும்பு செத்ததுதானே என்று கேட்டு, அசாவதானத்தையே குற்றத்தின் வேராகக் கண்டனர். இந்த வாதத்தின் சூட்டை அறிய விரும்புவோர் சமணக் காப்பியமான நீலகேசியைத் திறந்தால் போதும். சமணர் அந்த அசாவதானத்திற்கு இட்ட பெயர் ‘பிரமாதம்’. நாம் இன்று புகழ்ச்சியாக வழங்கும் அதே சொல்தான். இந்த மலைத்தொடருக்கு வெகு தொலைவில் இல்லாத போளூர்ப் பக்கத்துத் திருமலையில், சுமார் பதினாறடி உயரத்தில் நிற்கும் தீர்த்தங்கரர் நேமிநாதரின் சிலை முன்னே நின்றபோதெல்லாம் எனக்கு இந்தச் சொல் நினைவுக்கு வந்திருக்கிறது. தன் உடலையே தொழிலாகக் கொண்டவன் அதனுள் போகும் ஒவ்வொரு துளியையும் அறிந்திருக்க வேண்டும் என்ற சமணரின் பக்கமே என் மனம் சாய்கிறது. அந்தச் சாய்வு கொடுமையாகாமலிருக்க, பௌத்தரின் கருணையைத் தண்டனையின் அளவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பக்தன் தன் அன்பைத் துறந்துவிட வேண்டுமா? 2008 டிசம்பரில் மரடோனா கொல்கத்தாவிற்கு வந்தபோது, தடையின் சரித்திரம் தெரிந்த ஊர்தான் திரண்டு வந்து அவரைக் கொண்டாடியது. மோகன் பாகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் பதினாறு ரசிகர்களை நெரிசலில் பறிகொடுத்த ஊரும் அதுவே. எதிரணியின் மீதான வெறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அது உடலால் அறிந்திருக்கிறது. அங்கே கண்ட அன்பு, குற்றத்தை மறுக்காமலே குற்றவாளியை ஏற்ற அன்பு என்பது என் நம்பிக்கை. பிள்ளை திருடினான் என்று ஒப்புக்கொண்ட தாயும் அவனுக்குச் சோறு போடாமல் இருப்பதில்லை.

தேநீர்க்கடையில் பேச்சு வெகுநேரம் நீண்டது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்தச் சாலை கடந்து வரும் காவலூர் நினைவுக்கு வந்தது. அங்கே 2.3 மீட்டர் வேணு பாப்பு தொலைநோக்கி அர்ப்பணிக்கப்பட்டது 1986-இல். எண்ணற்ற ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள மங்கலான விண்மீனையும் பாரபட்சமின்றிக் காணும் அந்தக் கண் இந்த மலையில் விழித்த அதே ஆண்டில்தான், மெக்சிகோ உலகக் கோப்பையில் பட்டப்பகலில் மரடோனாவின் கை பந்தைத் தட்டிக் கோலாக்கியதை நடுவர் காணத் தவறினார். அர்ஜென்டினாவின் பக்தன் கடைசியில் குரலைத் தாழ்த்தி, “சரி மச்சான், மருந்து தப்புதான், ஆனாலும் எங்க ஆளு எங்க ஆளுதான்” என்றான். மற்றவன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “அப்போ அந்தக் கை கோலுக்கு என்ன சொல்ற?” என்று ஆரம்பித்தான்.