சுவரொட்டியின் கடைசி வரி

தேர்தல் சுவரொட்டியில் யாரும் வாசிக்காத வரி ஒன்று உண்டு. அடி ஓரத்தில், கடுகு போன்ற எழுத்தில், அச்சகத்தின் பெயரும் ஊரும். எங்கள் பக்கத்தில் அது அநேகமாகச் சிவகாசியாக இருக்கும். கோவில்பட்டிச் சுவர்களில் முகங்கள் மாறும், வர்ணங்கள் மாறும். இந்த வரி இருந்துகொண்டே இருக்கும். மேலே உள்ள பெரிய எழுத்து நம்மிடம் ஓட்டுக் கேட்கிறது. கீழே உள்ள சிறிய எழுத்து சட்டத்துக்குப் பதில் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது: இதற்கெல்லாம் பணம் கொடுத்தவன் பெயர். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டா, உண்டென்றால் எந்த நியாயத்தின் பேரில் என்பதுதான் பிரச்னை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ என்ற பிரிவு 1961ல் சேர்க்கப்பட்டது. அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இல்லாமல் தேர்தல் சுவரொட்டியோ துண்டுப் பிரசுரமோ வரக் கூடாது. வெளியிடுபவர் தாம் இன்னார் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவரை நேரில் அறிந்த இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சகத்தார் அந்தக் காகிதத்தையும் பிரசுரத்தின் பிரதி ஒன்றையும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. கையால் பிரதி எடுப்பது அச்சிடுவதாகாது. இதை வெறும் சட்ட நுணுக்கமாக ஒதுக்கிவிட முடியாது என்று படுகிறது. கையால் எழுதுகிறவன் குரல் அவன் கை போகும் தூரம்தான் போகும். இயந்திரம் குரலைப் பெருக்குகிறது. பெருக்குவதற்குப் பணம் வேண்டும். அந்த இடத்தில்தான் சட்டம் பெயர் கேட்கத் தொடங்குகிறது.

கேட்கத் தொடங்கியது பாதி வழியில் நின்றுவிட்டது. வெளியிடுபவராகக் கையெழுத்திடும் வட்டச் செயலாளரைத் தெரிகிறது. அவர் பைக்குள் பணம் எப்படி வந்தது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. கேட்கவந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதற்கு 1974 சாட்சி. டெல்லி சதர் தொகுதியில் 1971ல் நடந்த தேர்தல் குறித்த வழக்கில், வேட்பாளருக்குத் தெரிந்தே அவருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்று அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் அவசரச் சட்டம் வந்தது; பிறகு பாராளுமன்றமும் அதை ஆமோதித்தது. கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளரின் செலவாகாது. 2003ல் இந்த ஓட்டை ஓரளவு அடைக்கப்பட்டது. இருந்தும், பாராளுமன்ற வேட்பாளர் பெரிய மாநிலங்களில் 95 லட்சத்துக்குள் செலவழிக்க வேண்டும் என்று 2022ல் வரம்பு கட்டியவர்கள், அவருடைய கட்சிக்கு எந்த வரம்பும் கட்டவில்லை.

அந்தக் கடைசி வரியின் பூர்வீகத்தையும் பார்க்க வேண்டும். அச்சுத்தாளில் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும் என்று இந்தியா முழுமைக்கும் விதித்தது வெள்ளைக்காரனின் 1867ஆம் வருஷத்துச் சட்டம். அது வாசகனுக்காக வந்ததல்ல. எழுத்தைத் துரத்திப் பிடிக்க ஒரு முகவரி தேவைப்பட்டது. 1908ல் ‘இந்தியா’ பத்திரிகைமீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது, ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். எழுதிய எட்டயபுரத்துக்காரர் புதுச்சேரிக்குப் போனார். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு, திருநெல்வேலிச் சீமையில் ரகசியமாகப் பரவிய இரண்டு பிரசுரங்களிலும் அச்சகத்தின் பெயர் இருந்தது. பரங்கியை ஒழிக்கும் அச்சகம் என்று பொருள்படும் பெயர். சட்டம் கேட்ட வரியையே சட்டத்தின் முகத்தில் எறிந்த காரியம் அது. அந்தக் கொலையை நியாயப்படுத்தாதவனும் அந்தப் பெயரின் துணிச்சலை மறுக்க மாட்டான்.

ஆகவே, ‘வெளிப்படையே எப்போதும் அறம்’ என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பெயர் கேட்பது யார், யாரிடம் என்பதைப் பொறுத்து அதன் தார்மீகம் மாறுகிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் 1988ல் பள்ளி வரியை எதிர்த்து ஒரு பெண்மணி பெயரில்லாத துண்டுப் பிரசுரம் விநியோகித்தார். 100 டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்கு முடிவதற்குள் அவர் இறந்துபோனார். 1995ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதே நீதிமன்றம் 2010ல் கம்பெனிகள் தேர்தல் பிரசாரத்துக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம் என்று சொன்னபோதும், செலவழிப்பவர் பெயர் வெளியே வந்தாக வேண்டும் என்பதில் எட்டு நீதிபதிகள் ஒன்றுபட்டார்கள், மறுத்தவர் ஒருவரே. தனிக் குரலின் மறைவும் பெரும் பணத்தின் மறைவும் ஒரே மறைவல்ல என்ற உணர்வு இரண்டு தீர்ப்புகளுக்கும் அடியில் இருக்கிறது.

நம் வட்டத்துக்கு இது அந்நியமான விஷயமுமல்ல. நம்மில் பாதிப் பேர் புனைபெயர்க்காரர்கள். வேலை பார்க்கும் இடத்துக்கோ, வீட்டுக்கோ, ஜாதிக்காரர்களுக்கோ பயந்து பெயர் மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அதைப் பொய் என்று எவரும் சொன்னதில்லை. ஆனால் 1956ஆம் வருஷத்து விதிகளின்படி, முந்நூறு பிரதி போகும் சிறுபத்திரிகையும் வருஷத்துக்கு ஒருமுறை நான்காம் படிவத்தை அச்சிட்டாக வேண்டியிருந்தது. ஆசிரியர் யார், வெளியிடுபவர் யார், மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் யார்? கவிதைப் பத்திரிகையின் மூலதனத்தில் ஒரு சதவீதம் ஒரு மாச டீச் செலவுக்குக் காணாது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவந்தோம்.

இதற்கு எதிர்க்கோடியில் நிற்பது தேர்தல் பத்திரம். நான் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து பிழைப்பவன். புரட்டாசி விதைப்புக்கு மனைவியின் சங்கிலியை அடகுவைக்க வரும் கரிசல்காட்டுச் சம்சாரியிடம் நான் ஆதார் கேட்கிறேன், முகவரி கேட்கிறேன், புகைப்படம் கேட்கிறேன். 50,000 ரூபாய் ரொக்கமாகக் கட்ட வருகிறவரிடம் பான் எண் கேட்கிறேன். பணத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான், அவனைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைத் தொடாதே என்பதுதான் எங்கள் தொழிலின் பாலபாடம். 2018 ஜனவரி 2ஆம் தேதி அறிவிக்கப்பட்ட திட்டத்தில், ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை பெயர் எழுதாத பத்திரங்கள் ஸ்டேட் வங்கியில் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் யாரென்று வங்கிக்குத் தெரியும். தாளில் கண்ணுக்குப் புலப்படாத எண் ஒன்றும் உண்டு; புற ஊதா விளக்கில்தான் தெரியும். முந்திய வருஷமே கம்பெனி நன்கொடைக்கு இருந்த 7.5 சதவீத வரம்பு நீங்கியது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி சொல்ல வேண்டிய கட்டாயமும் போயிற்று.

2024 பிப்ரவரி 15ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைச் செல்லாது என்றது. விவரம் தர ஜூன் 30 வரை வங்கி அவகாசம் கேட்டது, நீதிமன்றம் மறுத்தது, மார்ச் 14ஆம் தேதி பட்டியல் வெளியாயிற்று. அதிகம் வாங்கியவர்கள் கோவையைச் சேர்ந்த லாட்டரி வியாபாரியின் நிறுவனம், 1,368 கோடி. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு. லாட்டரியோ தமிழ்நாட்டில் 2003லிருந்து தடை செய்யப்பட்டது. மொத்தப் பத்திரங்களில் ஏறத்தாழப் பாதி மத்தியில் ஆளும் பாரதிய ஜனதாவுக்குப் போயிருந்தது. வாங்க மாட்டோம் என்று நின்றவர்கள் இடதுசாரிகள். கொடுத்தவன் பெயரைத் தானே முன்வந்து சொன்ன சில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் பண்பாட்டில் கொடையாளி பெயரை மறைக்க விரும்பியதில்லை. நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு விட்டவன் பெயரைச் சோழர் காலத்தில் கல்லில் வெட்டினார்கள். இன்று கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தையே மறைக்கிறது. இதைக் கேலி செய்திருக்கிறோம். பெயர் சொல்லாமல் கொடுப்பதை உயர்ந்த குணம் என்றும் எண்ணியிருக்கிறோம். அந்த உயர்வு எதில் இருக்கிறது? வாங்குகிறவனுக்குத் தெரியாமல் கொடுப்பதில். அவன் கூச வேண்டியதில்லை, நன்றிக்கடன் பட வேண்டியதில்லை. வாங்குகிறவனுக்கு நன்றாகத் தெரிந்து, ஊருக்கு மட்டும் தெரியாமல் கொடுப்பதற்கு அடக்கம் என்று பெயரில்லை. அங்கே நன்றிக்கடன் முழுசாக இருக்கிறது. அதைத் தீர்க்கப்போகிற ஊர்தான் இருட்டில் இருக்கிறது.

ஓட்டு ரகசியமென்றால் நன்கொடை ஏன் ரகசியமாகக் கூடாது என்று கேட்கிறார்கள். நன்கொடையாளர் பழிவாங்கப்படுவார் என்ற பயம் பொய்யல்ல. கிராமத்தில் ஐம்பது ரூபாய் உண்டியலில் போடுபவனுக்கு அது நிஜம். நீதிமன்றமும் அவனுடைய அரசியல் சார்பின் அந்தரங்கத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் ஓட்டு ஆளுக்கு ஒன்று. பணமும் அதிகாரமும் அவனை மிரட்டாதிருக்கவே அது ரகசியமாக்கப்பட்டது. அந்தத் திரையைப் பணமே எடுத்துப் போர்த்திக்கொள்வது விபரீதம். வெளியே சொன்னால் நிறைவேறாது என்ற நிலையில் உள்ள காரியம், பிறர் உரிமையைத் தொடுமானால் அநீதியானது என்று 1795ல் காண்ட் எழுதினார். தன் பெயர் தெரிந்தால் பயன்படாது என்று கருதிக் கொடுக்கப்படும் கோடிக்கு இந்த உரைகல் பொருந்தும். ஐம்பது ரூபாய்க்காரன் இதில் சிக்குவதில்லை. பெயர் தெரிந்தாலும் அவன் காசு வாங்கக்கூடியது ஏதுமில்லை.

பெயர் தெரிந்து என்ன மாறியது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பட்டியல் வந்து ஐந்து வாரத்தில் தமிழ்நாடு ஓட்டுப் போட்டது. தெருவில் அதைப் பற்றிப் பேச்சில்லை. இப்போது பணம் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகப் போகிறது. உள்ளே போட்டவர் பெயரும் வெளியே எடுத்தவர் பெயரும் தெரிகின்றன, யார் காசு யாருக்கு என்பது கலந்துவிடுகிறது. சுவரும் மாறிவிட்டது. சுவரொட்டியை எதிர்க்கட்சிக்காரனும் படித்தான், கிழித்தான், பதில் ஒட்டினான். கைபேசியில் எனக்கு வரும் விளம்பரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவதில்லை. இல்லாத ஒன்றுக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்? 2019லிருந்து கூகுளும் ஃபேஸ்புக்கும் அரசியல் விளம்பரங்களின் பட்டியலைப் போடத் தொடங்கின. அதில் காணும் பெயர் பல சமயம் வட்டச் செயலாளரின் பெயரைப் போன்றதுதான்.

இருந்தும், சம்சாரியிடம் நான் கேட்கும் கேள்வியைக் கோடி கொடுப்பவரிடமும் கேட்க வேண்டும். அச்சிட்டவர், வெளியிட்டவர் என்பதோடு பணம் கொடுத்தவர் என்ற மூன்றாவது பெயரும், எவ்வளவு என்பதும், ஓட்டுப் போடுவதற்கு முன்னால் தெரிய வேண்டும். தெரிந்த பிறகும் ஊர் பேசாமல் இருக்கலாம். ஆனால் தெரியாததால் பேசாமல் இருந்ததற்குப் பிறர் பொறுப்பு. தெரிந்தும் பேசாமல் இருந்தால் அது நம் கணக்கில் சேரும்.